வன்னியில் பனிப்புகார்: முதல்நாள் மாலையே கணித்து, விடியலில் போய்ப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கையின் வடக்கே வன்னியில் நல்ல பனிப்புகார் (மூடுபனி) பார்க்க ஆண்டுக்கு ஏறக்குறைய எட்டு வாரங்கள்தான் கிடைக்கின்றன. மார்கழி பாதி கழிந்து மாரி ஓயத் தொடங்கும் நாளிலிருந்து மாசி நடுப்பகுதி வரை. அதற்குள்ளும் எல்லா விடியலிலும் புகார் இறங்காது. ஐந்து மணிக்கு எழும்பிக் குளக்கட்டுக்குப் போய், வெறும் தெளிந்த வானத்தைப் பார்த்துத் திரும்புகிறவர்களே அதிகம். இத்தனைக்கும், புகார் வருமா வராதா என்பதை முதல்நாள் பின்னேரமே பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதற்கு ஒரு வெப்பமானி, ஒரு சில்வர் பேணி, வீட்டுக்கு அருகில் ஓர் அரசமரம் போதும்.

எதனால் உண்டாகிறது

காற்றுக்குள் எப்போதும் கண்ணுக்குத் தெரியாத நீராவி இருக்கிறது. சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும், குளிர்ந்த காற்று குறைவாகத் தாங்கும். 30 பாகை செல்சியசில் ஒரு கனமீற்றர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவி வரை வைத்திருக்கும். 20 பாகைக்கு இறங்கினால் 17 கிராமோடு சரி. மிச்சம் துளியாக வெளியே வந்தாக வேண்டும். அந்தத் துளி புல்லில் ஒட்டினால் பனித்துளி, காற்றிலேயே மிதந்தால் புகார். எந்த வெப்பநிலையில் காற்று நிரம்பி வழியத் தொடங்குகிறதோ அதைப் பனிபடுநிலை என்கிறோம். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு எண்ணைச் சுற்றித்தான் நடக்கிறது.

தை மாதத்து வன்னியை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளங்கள் நிறைந்திருக்கின்றன. வயல் முழுக்கப் பெரும்போகப் பயிர். மண் பிழிந்தால் நீர் வரும். பகலில் வெயில் எறிக்கும்போது இவையெல்லாம் நீராவியைக் காற்றுக்குள் ஏற்றுகின்றன. மாரி முகில் கலைந்துவிட்டதால் இரவில் வானம் வெளிக்கிறது. பகல் வெப்பத்தைத் தரை தடையில்லாமல் வானத்துக்கு விடுகிறது. இரவும் நீளம், பன்னிரண்டு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். தரை குளிர, தரையோடு ஒட்டிய காற்றும் குளிர்கிறது. அதற்கு மேலே சற்று வெதுவெதுப்பான காற்று மூடிபோல் படுத்திருப்பதால் கீழே உள்ள குளிர் எங்கும் போகாது. பனிபடுநிலையைத் தாண்டியதும் புகார்.

‘தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்’ என்று முன்னோர் சொன்னது இந்தத் தெளிந்த வானத்து இரவுகளைத்தான்.

சித்திரையில் ஏன் இல்லை? மண் காய்ந்துவிட்டது. ஆனி, ஆடியில் சோளகம் இரவிலும் ஓயாமல் அடித்து, மேல் காற்றையும் கீழ்க் காற்றையும் கலக்கிக்கொண்டே இருக்கும். கார்த்திகையில் ஈரம் தாராளம், ஆனால் முகில் போர்வைபோல் மூடி, தரை விடும் வெப்பத்தைத் திருப்பி அனுப்புகிறது. ஈரமான மண், வெளித்த வானம், மெல்லிய காற்று, நீண்ட இரவு நான்கும் சேருவது தையிலும் அதை ஒட்டிய வாரங்களிலும்தான்.

காற்று மெல்லியதாக இருக்க வேண்டும் என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. அறவே காற்றில்லாத இரவில் குளிர் தரையோடு ஒட்டிய சில அங்குலத்துக்குள் நின்றுவிடும். புல் நனையும், புகார் எழும்பாது. வினாடிக்கு ஒரு மீற்றர் அளவில் மெல்ல அசைந்தால்தான் குளிர் மேலே பரவி, ஆள் உயரத்துக்கும் பனை உயரத்துக்கும் புகார் கட்டும். மூன்று மீற்றரைத் தாண்டினால் கலைந்துவிடும்.

துளிகள் மிகச் சிறியவை. விட்டம் பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒன்று, இரண்டு பங்கு. பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்றை அடர்ந்த புகாரால் நிரப்பினாலும் அதில் உள்ள நீர் பாதித் தேக்கரண்டிதான் வரும். அந்த அரைக் கரண்டி நீர்தான் கோடிக்கணக்கான துளிகளாகப் பிரிந்து முன்னால் நிற்கும் மாட்டை மறைக்கிறது.

வன்னியில் இரண்டு வகை

முதலாவது மேலே சொன்ன தரைப்புகார். வயல், பற்றைக்காடு, வெட்டைவெளி எங்கும் வரும். நள்ளிரவுக்குப் பின் முழங்கால் உயரத்தில் தொடங்கி விடியலில் தடிக்கும்.

இரண்டாவது குளத்து ஆவி. ஆழமான குளநீர் இரவில் அவ்வளவு சீக்கிரம் குளிராது. தையிலும் நீர் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். கரையிலிருந்து குளிர்ந்த காற்று நீர்மேல் வழிந்து போகும்போது, நீரிலிருந்து எழும் ஆவி அந்தக் குளிரில் உடனே துளியாகி, நூல் நூலாய்ச் சுழன்று எழும். சோற்றுப் பானையின் மூடியைத் திறந்ததுபோல் இருக்கும். இரண்டொரு மீற்றர் உயரத்தில் கரைந்துவிடும். இதற்கு முழு இரவின் ஈரக் கணக்குத் தேவையில்லை. நீருக்கும் காற்றுக்கும் நல்ல வெப்ப வேறுபாடு இருந்தால் போதும். ஆகவே தரைப்புகார் வராத விடியலிலும் குளத்தில் இதைப் பார்க்கலாம். கணிப்புப் பிழைத்து ஏமாந்த காலைகளில் இதுதான் ஆறுதல்.

முதல்நாள் செய்யவேண்டியவை

*படி 1: பின்னேரம் 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் பனிபடுநிலையை அளவுங்கள்.*

வெளிப்புறம் துடைத்து உலர்த்திய சில்வர் பேணியில் 200 மில்லிலீற்றர் சாதாரண நீர் எடுங்கள். நிழலில் வையுங்கள். சிறு சிறு ஐஸ் துண்டாகப் போட்டு, வெப்பமானியோடு சேர்த்து ஒரு கரண்டியால் மெல்லக் கலக்குங்கள். ஒவ்வொரு துண்டும் கரைந்த பின்தான் அடுத்தது. பேணியின் வெளிப்பக்கம் பளபளப்பு மங்கி ஆவி படியும் கணத்தில் வெப்பமானியைப் பாருங்கள். பிறகு ஐஸ் போடாமல் விட்டு, அந்த மங்கல் மறையும்போது மறுபடி பாருங்கள். இரண்டின் சராசரிதான் பனிபடுநிலை.

இங்கே பிழைக்கிற இடங்கள் மூன்று. ஐஸை அவசரமாகக் கொட்டினால் எண் இரண்டு, மூன்று பாகை குறைந்து வரும். முகத்தைக் கிட்டக் கொண்டுபோனால் உங்கள் மூச்சே பேணியில் படியும், கை நீள விட்டுப் பாருங்கள். கண்ணாடிக் குவளையோ பிளாஸ்ரிக் குவளையோ சரிவராது, தடித்த சுவர் வெப்பத்தை மெல்லக் கடத்துவதால் உள்ளே ஓர் எண், வெளியே வேறோர் எண்.

ஐஸ் இல்லையென்றால் போனில் வரும் வெப்பநிலையையும் சாரீரப்பதனையும் (காற்றின் ஈரப்பதன் வீதம்) வைத்து மனக்கணக்குப் போடலாம். சாரீரப்பதன் 100 இலிருந்து எவ்வளவு குறைகிறதோ அதை ஐந்தால் வகுத்து, வெப்பநிலையிலிருந்து கழியுங்கள். 29 பாகை, 68 வீதம் என்றால் குறைவு 32. ஐந்தால் வகுக்க ஆறுக்குச் சற்று மேல். பனிபடுநிலை ஏறக்குறைய 22 முதல் 23. சாரீரப்பதன் 50 வீதத்துக்குக் கீழே போனால் இந்தக் கணக்கு ஒத்துவராது, ஆனால் தை மாத வன்னியில் அப்படிக் காய்வது அரிது.

ஏன் பின்னேர எண்? அந்த நேரத்தில் காற்று நன்றாகக் கலந்திருக்கும். தரையோடு மட்டும் ஒட்டிய ஈரத்தை அளந்து ஏமாறாமல், அந்தப் பகுதிக் காற்று முழுவதும் வைத்திருக்கும் ஈரத்தை அளக்கிறோம்.

*படி 2: இரவு எவ்வளவுக்கு இறங்கும் என்று பாருங்கள்.*

முந்தின இரண்டு, மூன்று விடியல்களின் மிகக் குறைந்த வெப்பநிலையைக் குறித்து வைத்திருந்தால் அதுவே நல்ல வழிகாட்டி. வானமும் காற்றும் மாறாதிருந்தால் அடுத்த விடியலும் ஒரு பாகை முன்பின்னாக அதே அளவில் நிற்கும். வளிமண்டலவியல் திணைக்களம் வவுனியாவுக்குத் தரும் குறைந்தபட்ச வெப்பநிலையையும் பார்க்கலாம். உள்வன்னியின் வயல்வெளிப் பள்ளங்கள் அதைவிட ஒன்று, இரண்டு பாகை கூடக் குளிரும்.

இப்போது இரண்டு எண்ணையும் பக்கத்தில் வையுங்கள். இரவுக் குறைந்த வெப்பநிலை பின்னேரப் பனிபடுநிலைக்கு ஒன்று, இரண்டு பாகை கீழே இறங்கும் என்றால் புகார் வர நல்ல வாய்ப்பு. வெறுமனே சமமாக இறங்கினால் போதாது. முன்னிரவில் பனித்துளியாகப் புல்லில் படியும் நீர் காற்றின் ஈரத்தைக் கொஞ்சம் குறைத்துவிடுகிறது. அந்த இழப்பையும் தாண்டிக் குளிரவேண்டும். ‘சாரீரப்பதன் நூறு காட்டியது, புகார் வரவில்லையே’ என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

*படி 3: பொழுதுபட்ட பின் காற்றையும் வானத்தையும் பாருங்கள்.*

அரசமர இலை மிக நீண்ட காம்பில் தொங்குவதால் மூச்சுவிட்டாலும் ஆடும். இரவு எட்டு மணிக்கு அரசிலை மெல்லச் சலசலத்து, பக்கத்துத் தென்னோலை அசையாமல் நின்றால் அதுவே வேண்டிய காற்று. தென்னோலை நுனி தொடர்ந்து ஆடினால் அலாரம் வைக்க வேண்டாம்.

குசினிப் புகையும் பேசும். புகை நேரே எழும்பி, கூரைக்குச் சற்று மேலே போனதும் தட்டையாகப் படர்ந்து நின்றால் மேலே வெப்ப மூடி விழுந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில் தூரத்துச் சத்தமும் கிட்ட வரும், மேலே உள்ள சூடான படை ஒலியை வளைத்துத் தரைக்குத் திருப்புவதால். மார்கழித் திருவெம்பாவை நாட்களில் இரண்டு ஊர் தள்ளி அடிக்கும் சேமக்கலமும் சங்கும் விடியப்புறம் வீட்டு முற்றத்தில் கேட்பது இதனால்தான்.

வானத்தில் நட்சத்திரம் கூர்மையாகத் தெரிய வேண்டும். நிலவைச் சுற்றிப் பெரிய வளையம் கட்டியிருந்தால் உயரத்தில் மெல்லிய முகில் பரவுகிறது, புகார் மெலியும். மழை விட்ட முதலாம், இரண்டாம் இரவு வானம் வெளித்தால் அதுவே ஆண்டின் மிகச் சிறந்த இரவு. தவற விடாதீர்கள்.

எங்கே நிற்பது

கடற்கரையை விட்டு உள்ளே வாருங்கள். முல்லைத்தீவுக் கரையிலும் மன்னார்த் தீவிலும் கடல் இரவில் குளிராது, காற்றும் ஓயாது. புகாரின் நாடு உள்வன்னிதான். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், அங்கிருந்து கிழக்கே ஒட்டுசுட்டான், தெற்கே நெடுங்கேணி. இங்கெல்லாம் காடும் வெளியும் வயலும் குளமும் மாறி மாறி வருகின்றன.

ஒரே இடத்தைச் சொல்லச் சொன்னால் பெரிய குளத்தின் கட்டு. கனகராயன் ஆற்றை மறித்த இரணைமடு, பாலியாற்றில் வவுனிக்குளம், பேராற்றில் முத்தையன்கட்டு, அருவியாற்று நீரைத் தேக்கம் அணை வழியாக வாங்கும் கட்டுக்கரைக்குளம், எதுவானாலும் சரி. கட்டில் ஏறினால் இரண்டு வகைப் புகாரும் இரண்டு பக்கத்தில். ஒரு பக்கம் நீரிலிருந்து ஆவி எழும்பும். மறுபக்கம், கட்டுக்குக் கீழே, வாய்க்காலும் வயலுமாகப் பரந்த பள்ளத்தில் குளிர்காற்று வழிந்து தேங்கித் தரைப்புகார் வெண்கடலாய்க் கிடக்கும். புகார் தாழ்வாக இருந்தால் உங்கள் தலை அதற்கு மேலே இருக்கும். பனை வட்டுகள் மட்டும் மிதப்பதைப் பார்க்கலாம். முழுக் கொள்ளளவில் 36 அடி நிற்கும் இரணைமடுவில் நீர் ஆழமென்பதால் ஆவியும் நெடுநேரம் எழும்.

சின்னக் குளங்களை ஒதுக்க வேண்டாம். ஊர்க்கோடியில், கரையில் நாலு மருதமரம் நிற்கும் ஒரு சிறுகுளம், கமராவுக்குப் பெரிய குளத்தைவிட நன்றாக அமையும். எல்லாம் ஒரு சட்டத்துக்குள் வந்துவிடும்.

வயல்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. நிறைய நீர் கட்டி நிற்கும் வயல் வெப்பத்தைப் பிடித்து வைத்திருக்கும். நீர் வடித்து, சேறு மட்டும் ஈரமாக இருக்கும் விளைந்த வயலில் புகார் முதலில் பிடிக்கும், தடிப்பாகவும் பிடிக்கும். அடர்காட்டுக்குள் மரக்கூரை வெப்பத்தைக் காப்பதால் புகார் மெல்லியது. பதிலுக்கு இலைகளில் சேர்ந்த நீர் மழைபோலச் சொட்டும். பாலையும் வீரையும் நிற்கும் காட்டுக் கரையில், வெட்டை தொடங்கும் இடத்தில் நின்றால் இரண்டையும் பெறலாம்.

இடத்தைப் பகலில் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். இதைத் தட்டிக்கழிக்க வேண்டாம், காரணம் கீழே வருகிறது.

விடியலின் நேர ஒழுங்கு

தை நடுவில் வன்னியில் சூரியன் 6.28 மணி அளவில் எழுகிறது. மாசி தொடக்கத்திலும் ஏறக்குறைய அதே நேரம்தான். எழுவதற்கு இருபது நிமிடம் முன்பே பாதை தெரியும் வெளிச்சம் வந்துவிடும். 5.45க்கு இடத்தில் இருங்கள்.

6.05 முதல் 6.30 வரை எல்லாம் நீலமும் சாம்பலும். நிழல் இல்லை, தூரம் தெரியாது. அருகில் ஒரு மரம், அதற்குப் பின் மங்கலாய் ஒன்று, அதற்கும் பின் ஒரு சாயல். கண் பழகினால் ஆறேழு அடுக்கு எண்ணலாம். நீர்க்காகம் பட்ட மரத்தில் இறகு விரித்து நிற்பதும், மயில் அகவுவதும், ஆட்காட்டி கத்திக்கொண்டு தலைக்குமேல் போவதும் இந்த நேரத்தில்.

சூரியன் எழுந்ததும் புகார் கலையும் என்று கிளம்பிவிடுவது பலரும் செய்யும் பிழை. உதித்த முதல் அரை மணித்தியாலத்தில் புகார் பெரும்பாலும் கூடும். இளவெயில் புல்லில் உள்ள பனித்துளியை ஆவியாக்கி, அதே சமயம் கீழ்க்காற்றை மெல்லக் கிளறி மேலே ஏற்றுகிறது. 6.45க்கு எதிரே நின்ற மரமே காணாமல் போகலாம். பொறுத்திருங்கள்.

7 மணியிலிருந்து 8 மணி வரையான ஒரு மணித்தியாலம்தான் இந்தக் காலையின் உச்சம். மூன்று காட்சிகளைத் தேடிப் பார்க்க வேண்டும்.

சூரியனை முதுகில் வைத்து, கட்டின் மேலிருந்து பனி பூத்த நெற்பயிரில் விழும் உங்கள் நிழலைப் பாருங்கள். தலையின் நிழலைச் சுற்றி மட்டும் ஓர் ஒளி படர்ந்திருக்கும். ஒவ்வொரு பனித்துளியும் சின்ன வில்லையாகி வெயிலை வந்த வழியே திருப்புவதால் வருவது அது. பக்கத்தில் நிற்பவரின் தலையைச் சுற்றி அவருக்குத்தான் தெரியும், உங்களுக்குத் தெரியாது. குழந்தைகளைக் கூட்டிப்போனால் இதைக் கட்டாயம் காட்டுங்கள்.

அதே திசையில், சற்று உயர்த்தி, புகார்ச் சுவரில் பாருங்கள். வானவில் அளவில் ஒரு வெள்ளை வளைவு நிற்கலாம். புகார்த் துளி மிகச் சிறியது, நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்று படிந்து வெண்மையாகிவிடுகின்றன. புகார் மெலிந்து, உங்கள் பக்கம் வெயில் தெளிவாக விழும்போதுதான் தெரியும். ஐந்து, பத்து நிமிடத்தில் போய்விடும்.

மூன்றாவது, சூரியனை நோக்கி. காட்டுக் கரையின் மரங்களுக்கு ஊடாகப் பாருங்கள். கிளைகளின் இடைவெளி ஒவ்வொன்றிலும் ஒரு வெயில்கோல் இறங்கும். 7.30 வாக்கில் புகார் பாதி கலைந்த நிலையில் இது மிக அழகு.

இன்னொன்று, திசை பார்க்கத் தேவையில்லாதது: சிலந்தி வலைகள். வரம்பிலும் கம்பிவேலியிலும் பற்றையிலும் எத்தனை வலை இருக்கிறது என்பதைப் புகார்க் காலைதான் காட்டும்.

கமராவும் போனும்

குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்த கமராவின் வில்லை வெளியே வந்ததும் மங்கும். பேணியில் நடந்ததேதான், கண்ணாடி பனிபடுநிலைக்குக் கீழே இருக்கிறது. பையை மூடியபடியே அரை மணித்தியாலம் வெளியே வைத்துப் பிறகு திறவுங்கள். பழைய பருத்தி வேட்டித் துண்டு ஒன்று பொக்கற்றில் இருக்கட்டும், துளி வில்லையில் படிந்துகொண்டே இருக்கும்.

தானியங்கி அளவீடு வெள்ளைப் புகாரைச் சாம்பலாக்கிவிடும். கமராவில் ஒளியை முக்கால் முதல் ஒரு படி கூட்டுங்கள். போனில் திரையைத் தொட்டு, வரும் சூரியக் குறியைச் சற்று மேலே இழுங்கள். குவியம் தடுமாறினால் அருகிலுள்ள மரத்தண்டின் கரையில் குவித்துப் பூட்டுங்கள். பிளாஷ் வேண்டாம், அருகிலுள்ள துளிகள்தான் வெள்ளைப் புள்ளியாக விழும். படத்தில் அருகே கறுத்த ஒரு பொருள் இருக்க வேண்டும்: தோணி, மதகு, சைக்கிள், எருமை. அது இல்லாத புகார்ப் படம் வெறும் வெள்ளைத் தாள்.

எவ்வளவு அடர்த்தி என்று அளப்பது

ஒரு கிலோமீற்றருக்கு உட்பட்டுப் பார்வை குறைந்தால்தான் வானிலைக் கணக்கில் அது புகார். அதற்கு மேல் தெரிந்தால் வெறும் மென்பனி. வீட்டருகே ஓர் அளவுகோல் அமைத்துக்கொள்ளலாம். 28 அங்குலச் சைக்கிள் சில்லு ஒருமுறை சுற்றினால் ஏறக்குறைய 2.2 மீற்றர் போகும். வால்வை அடையாளமாக வைத்து உருட்டி எண்ணுங்கள், 45 சுற்று 100 மீற்றர். படலையிலிருந்து 50, 100, 200, 500 மீற்றரில் எந்த மரம், எந்த மின்கம்பம் என்று ஒருமுறை குறித்து வைத்தால் பிறகு ஒவ்வொரு காலையும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். திகதி, பின்னேரப் பனிபடுநிலை, விடியல் வெப்பநிலை, காற்று, கடைசியாகத் தெரிந்த மரம் என ஐந்தையும் கொப்பியில் எழுதுங்கள். ஒரு பருவம் எழுதினால் உங்கள் ஊருக்குரிய கணக்கு கையில் இருக்கும். எந்தச் செயலியும் அதைத் தராது.

புகாரா, தூசா?

அண்மைய ஆண்டுகளில் மார்கழி, தை மாதங்களில் வடக்கு வானம் நாள் முழுக்க மங்கிக் கிடப்பதைக் காண்கிறோம். அதை எல்லாரும் பனி என்று சொல்லிவிடுகிறார்கள். வடகீழ்க் காற்றோடு நெடுந்தூரம் வரும் மாசும் உள்ளூர்ப் புகையும் அதில் இருக்கலாம். பிரித்தறிவது எளிது. பத்து மணிக்குப் பின்னும் மங்கல் நிற்கிறதா, நிறம் கபிலமா, புல் காய்ந்திருக்கிறதா, சாரீரப்பதன் 80 வீதத்துக்குக் கீழா? அப்படியானால் அது தூசுமங்கல், ரசிக்க வேண்டியதில்லை. தொய்வு உள்ளவர்களும் குழந்தைகளும் வயதானவர்களும் வெளியே போகாமல் இருப்பது நல்லது. உண்மையான புகாரிலும், அருகில் குப்பையோ வைக்கோலோ எரித்திருந்தால் வெப்ப மூடி அந்தப் புகையைக் கீழேயே அடைத்து வைக்கும். தொய்வுக்காரர் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டே போகவேண்டும். புகார்க் காலத்தில் முன்னிரவில் குப்பை கொளுத்தாதிருப்பது ஊருக்கே செய்யும் உதவி.

கால் வைக்கும் இடம்

வன்னியில் புகாருக்குள் தெரிந்த பாதையை விட்டு விலகவே கூடாது. மிதிவெடி அபாயப் பலகையும் சிவப்புக் கட்டையும் பகலில் கண்ணில் படும், புகாரில் படாது. இடத்தைப் பகலில் பார்த்துவிட்டு வரச் சொன்னது இதற்காகத்தான். ஊர்ச்சனம் நாளாந்தம் நடக்கும் பாதை, குளக்கட்டு, வாய்க்கால் வீதி இவை போதும். புதிய குறுக்குவழியை இன்னொரு நாளைக்கு வையுங்கள்.

யானை நடமாடும் காட்டுக் கரைகளுக்கு நன்றாக விடியுமுன் போகாதீர்கள். முப்பது மீற்றருக்குள் வந்த பிறகுதான் தெரியும், அப்போது நேரம் கடந்துவிடும். கிளை முறியும் சத்தமோ புதிய இலத்தியோ கண்டால் வந்த வழியே திரும்புங்கள். வரம்பில் நடக்கும்போது கணுக்காலுக்கு மேல் ஏறும் சப்பாத்தும் நீளக் காற்சட்டையும் அணியுங்கள், தடியால் முன்னே தட்டிக்கொண்டு போங்கள். புடையன் பாம்பு குளிரில் சுருண்டு அசையாமல் கிடக்கும். குளத்தில் அலைகரையில் நிற்க வேண்டாம், முதலை உள்ள குளங்கள் பல. காலில் காயம் இருந்தால் வயல்நீரில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் பரவும் காலம் இது.

வீதியில்

ஏ9 வீதி நேரானது, ஆகவே வேகம் இழுக்கும். நனைந்த வீதியில் நல்ல பிறேக் உள்ள கார் மணிக்கு 40 கிலோமீற்றரில் போனால் நிற்க ஏறக்குறைய 30 மீற்றர் வேண்டும், 60இல் 50 மீற்றருக்கு மேல். 50 மீற்றர்தான் தெரிகிறதென்றால் 40ஐத் தாண்டக்கூடாது. எதிரே வருபவனும் உங்கள் பக்கம் முந்திக்கொண்டு வரலாம் என்று நினைத்தால் இன்னும் குறையுங்கள். ஒரு வாகனம் மட்டும் போகும் ஒடுங்கிய உள்வீதிகளில் 20 போதும்.

விளக்கைத் தாழ்த்திப் போடுங்கள். உயர்த்திப் போட்டால் வெளிச்சம் துளிகளில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும், முன்னே வெள்ளைச் சுவர்தான் தெரியும். இடப்பக்க வெள்ளைக் கோட்டைப் பிடித்துப் போங்கள். எதிர்பார்க்க வேண்டியவை கட்டாக்காலி மாடுகள், பின்விளக்கு இல்லாத லாண்ட்மாஸ்டர், வீதியோரம் நெல் காயவிட்ட படங்குக்கு அணைவைத்த கல், விடியவே பால் கொண்டுபோகும் சைக்கிள். சைக்கிளில் போகிறவர் பின்னால் ஒரு சிவப்பு மின்மினி விளக்குக் கட்டினால் அதுவே உயிர்க்காப்பு.

கண்ணாடி மங்கினால் எந்தப் பக்கம் என்று விரலால் தொட்டுப் பாருங்கள். உட்பக்கம் மங்கினால் ஏசியைப் போட்டுக் கண்ணாடிக்குத் திருப்புங்கள். வெளிப்பக்கம் மங்கினால் ஏசி கண்ணாடியை மிகையாகக் குளிர்த்திவிட்டது. வைப்பரைப் போட்டு, ஏசியின் குளிரைக் குறையுங்கள். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செய்பவர்கள்தான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஓட்டுகிறார்கள். ஹெல்மெட்டின் முகக்கண்ணாடியை ஒரு விரற்கடை திறந்துவிடுங்கள். முதல்நாள் உட்பக்கத்தில் ஒரு சொட்டுச் சவர்க்காரம் தேய்த்து உலர்ந்த துணியால் துடைத்துவிட்டால் மங்காது.

பாதுகாப்பற்ற புகையிரதக் கடவையில் நிறுத்தி, இஞ்சினையும் பாட்டையும் அணைத்து, கண்ணாடியை இறக்கிக் காதால் கேளுங்கள். ஓமந்தையிலிருந்து கிளிநொச்சி வரை தண்டவாளம் வீதியை ஒட்டியும் விலகியும் போகிறது. ஒன்றும் தெரியாத அளவுக்கு அடர்ந்தால் ஓட்டாதீர்கள். முறிகண்டியில் எப்படியும் நிறுத்திப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறீர்கள்தானே. அங்கேயே கச்சான் வாங்கி ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டால் வெயில் வந்துவிடும்.

பிளாஸ்கில்

நான்கு பேருக்கு 750 மில்லிலீற்றர் நீரில் பெருவிரல் அளவு இஞ்சியைத் தட்டிப் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து மூன்று தேக்கரண்டி தேயிலை போட்டு மூன்று நிமிடத்தில் வடியுங்கள். தேயிலையைக் கொதிக்கவிட்டால் பிளாஸ்கில் இருந்து கசக்கும். பனங்கட்டியைக் கரைக்காமல் தனியே கொண்டுபோய்க் கடித்துக் குடிப்பதே சுவை. அவித்த பனங்கிழங்கு கிடைக்கும் காலமும் இதுதான்.

கலையும்போது

புகார் மேலிருந்து கலையாது. கீழே தரை சூடேற, கரைகளிலிருந்தும் அடியிலிருந்தும் உருகத் தொடங்கும். வெட்டைவெளியும் தார்வீதியும் முதலில் தெளியும். கட்டுக்குக் கீழுள்ள பள்ளமும் மரநிழல் விழும் வாய்க்காலும் கடைசி. 8.30க்குப் பின் அது தரையை விட்டு எழும்பி, தாழ்ந்த முகிலாகச் சிறிதுநேரம் நிற்கும். அப்போதும் பார்க்க ஆசையிருந்தால் மருதநிழல் விழும் வாய்க்காலோரம் போய் நில்லுங்கள், இன்னும் கால் மணித்தியாலம் கிடைக்கும்.

வயல்காரருக்கு இதே காலை வேறு கணக்கு. தொடர்ந்து பல நாள் புகார் இறங்கி இலை பத்து மணி வரை நனைந்தே நின்றால் எரிபந்த நோய் பிடிக்க வாய்ப்பு அதிகம். கதிர் வரும் பருவத்தில் கழுத்துப் பகுதியைத் தினமும் பாருங்கள். விளைந்த வயலில் வெட்டு மெசினைப் பனி காயுமுன் இறக்கினால் ஈர வைக்கோல் உள்ளே சுற்றிக்கொள்ளும், நெல்லும் தாளோடு போகும். கதிரைக் கையில் பிடித்து உருவி, உள்ளங்கை நனையாமல் இருந்தால்தான் இறக்கலாம். தெளிந்த நாளில் அது ஒன்பதரைக்கு, அடர்ந்த புகார் இறங்கிய நாளில் பத்தரைக்கு.